கிராம நலச் சங்கம், சஃபோக், இங்கிலாந்து: 2024-25ஆம் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கும் பாரிஷ் கவுன்சில் (ஊராட்சி மன்றம்) பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதைத் தவிர்த்துப் பார்த்தால், இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்தது சமுதாயக் கூடத்தின் கூரை. ஜூன் மாதமே சாரம் கட்டி ஓடு மாற்றுவதாக இருந்தது. இறவாரத்து இடுக்குகளில் உழவாரன் (ஸ்விஃப்ட்) பறவைகள் கூடு வைத்திருப்பது தெரிந்ததும் செயற்குழு வேலையைத் தள்ளிவைத்தது. பறவை குடியிருக்கும் கூட்டைச் சேதப்படுத்துவது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, ஆகஸ்டில் கிளம்பிவிடும் இப்பறவை ஆண்டுதோறும் அதே இடுக்கைத்தான் தேடி வரும். வீடுகளைப் புதுப்பிக்கிறோம் என்று இடுக்குகளை எல்லாம் பூசி அடைத்ததும் ஒரு காரணமாக, 2021இல் அது, பாதுகாப்பு மிக அவசரமாகத் தேவைப்படும் பறவைகளைக் கொண்ட பிரிட்டனின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது.

கோடை மழையில் மேசைக்கு நடுவே வாளி வைத்துக்கொண்டு சீட்டாடிய மூத்த உறுப்பினர்களின் முணுமுணுப்பு என் காதிலும் விழுந்தது. அவர்கள் பட்ட தொல்லை நிஜம். ஆனாலும் முடிவு சரியானதே என்று இங்கே பதிவு செய்கிறேன். செப்டம்பரில் ஓடு மாற்றியாகிவிட்டது; இடுக்குகளை அடைக்கவில்லை.

அந்த வாளிகள் உண்மையில் தேரைகளுக்காக வாங்கியவை. பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும், குளிர் சற்றுத் தணிந்த ஈரமான இரவுகளில், தேரைகள் தோப்பிலிருந்து குளத்துக்கு முட்டையிட இறங்குகின்றன. குறுக்கே சாலை. இருட்டியதும் டார்ச்சும் ஒளிரும் மேற்சட்டையுமாக நம்மவர்கள் அவற்றைப் பொறுக்கி அக்கரை சேர்த்தார்கள். ஆண் தேரை பெண்ணின் முதுகில் ஏறிவிட்டால் இலேசில் இறங்காது. ஜோடியாகவே வாளியில் இட வேண்டும். தனி ஆணைக் கையில் எடுத்தால் கீச்கீச்சென்று ஆட்சேபம் தெரிவிக்கும். சங்கக் கூட்டம் என்றால் எட்டியும் பார்க்காத பள்ளிப் பிள்ளைகள் இதற்கு மட்டும் தவறாமல் வந்தார்கள். பொதுக்குழுவையும் குளக்கரையில் கூட்டலாமா என்று தலைவர் யோசிக்க வேண்டும். தேரைகளின் இரவுவாரிக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

சிவப்பு டெலிபோன் பெட்டியில் இயங்கும் நம் நூலகத்தில் நத்தைகள் புகுந்து, அடித்தட்டுப் புத்தகங்களின் ஓரங்களைச் சுரண்டித் தின்றிருந்தன. சமையல் புத்தகங்களுக்கே சேதம் அதிகம். கதவின் அடியில் தூரிகைப் பட்டை அடித்திருக்கிறோம்.

வேலி வெட்டுவது பற்றி இரண்டு புகார்கள் வந்தன. 2024 விதிமுறைப்படி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விளைநிலத்து உயிர்வேலிகளை வெட்டக் கூடாது. வீட்டுத் தோட்ட வேலிக்கு இந்தத் தடை இல்லை; ஆனால் கூடு இருந்தால் அங்கும் கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள். முள்ளெலிகள் போய்வர மதிலடியில் 13 செ.மீ. சதுரத் துளை விட்ட வீட்டாருக்கு நன்றி. துளையை நாய் பெரிதாக்கிவிட்ட வீட்டாருக்கு அனுதாபம்.

பஸ் நேரம் குறித்துக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. மீண்டும் எழுதியிருக்கிறேன்.

தேவாலயக் கோபுரத்தில் உழவாரன் பெட்டிகள் பொருத்தத் திருச்சபையிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். கிடைத்தால் ஏப்ரலுக்குள் ஏற்றிவிட வேண்டும். பறவைகளை ஈர்க்க, அவற்றின் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிடுவது வழக்கம். ஞாயிறு ஆராதனை நேரத்தில் அதை நிறுத்திவைப்பதாகப் பாதிரியாரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஏணி பிடிக்க ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்