நாக்கு வறண்டால் சீவாளி பேசாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தன்னம்பிக்கை இருந்தால் மேடைப் பயம் வராது என்று உங்கள் இளைஞர் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். குத்தாலம் பக்கம் முப்பது வருஷமாக நாகஸ்வரம் வாசிக்கிறேன், எனக்கு இன்றைக்கும் வருகிறது.

பயம் உடம்பில் முதலில் தெரிகிற இடம் வாய். அட்ரினலின் ஏறுகிற நேரத்தில் எச்சில் வற்றிவிடும். பாடகர் ஒரு மடக்கு வெந்நீரில் சமாளித்துக்கொள்வார், எங்களுக்கோ நாகஸ்வரத்தின் முனையில் செருகி வாயில் வைத்து ஊதுகிற சீவாளி ஈரத்தில் பதமாக இருந்தால்தான் நாதம், காய்ந்தால் வெறும் காற்றுதான் வரும்.

போன மாசியில் ஒரு கோயில் விழா. என் தம்பி மகனுக்குப் பதினேழு வயது, முதல் தனிக் கச்சேரி. ஆறு மணிக்கு மேடையேற்றி உட்காரவைத்துவிட்டு, ஏழே முக்கால் வரை பொன்னாடையும் வாழ்த்துரையும்தான். பையன் சீவாளியை வாயில் வைக்கிறான், எடுக்கிறான், அதன் வாயைச் சரிசெய்கிற குச்சியை விட்டுப் பார்க்கிறான், மறுபடி வைக்கிறான். கையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. போதாததற்கு ஒருவர் மைக்கிலேயே "பயப்படாதே தம்பி" என்றார். அதுவரை கவனிக்காத சனமும் அவனைத் திரும்பிப் பார்த்தது. முதல் பிடியே பிசிறிவிட்டது.

சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, பாட்டுக் கச்சேரிக்கு வர்ணம் என்று நன்கு பழகிய உருப்படிகளைப் பெரியவர்கள் முதலில் வைத்ததில் இந்தப் பயமும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன் (இசை லட்சணம் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்). நெஞ்சு படபடத்தாலும், ஆயிரம் தடவை வாசித்த உருப்படியில் விரல் தானாகப் போகும். 2014இல் ஹார்வர்டில் ஆலிசன் உட் புரூக்ஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன்னால் "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பாடினார்களாம். சரிதான், படபடப்பை அடக்கச் சொன்னால் அது அடங்குமா? வேறு பெயர் வைத்து அழைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நரசிங்கம்பேட்டை ஊரில் செய்கிற நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அதை வாசிக்கிற பையனுக்குக் கூட்டம் சேருமுன் மேடையில் கால் மணி நேரம் கொடுங்கள், மைக்கில் தன் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும். பொன்னாடையைக் கச்சேரி முடிந்து போடுங்கள், ஓடியா போகும்?

வைகாசியில் அவன் மறுபடி வாசிக்கிறான். வாழ்த்துரை ஒருவருக்கு மட்டும் என்று விழாக் குழுவிடம் இப்போதே எழுதி வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு நாகஸ்வரக்காரர்,
குத்தாலம்