"இந்த மாடல் இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பாதீர்கள்: டூரிங் பைக் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வீஸ் பொறியாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும்,

வணக்கம். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே உருவாக்கப்படும் கனமான பைக்குகளில் ஒன்றை ஏழு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். வேகத்தில் வண்டி ஆடுகிறது என்று புகார் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "சார், இந்த மாடல் இப்படித்தான். நூறைத் தாண்டாதீங்க." சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதும் அவ்வளவுதான். அதனால் அவரை விட்டுவிட்டு, அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய உங்களுக்கு எழுதுகிறேன்.

நடந்தது இது. நெடுஞ்சாலையில் மணிக்கு 115 கி.மீ. வேகம். பின்னால் மனைவி, இரண்டு பக்கப் பெட்டிகள், சீட்டுக்குப் பின்னால் மேலே ஒரு டாப் பாக்ஸ், எல்லாம் நிறைந்திருந்தன. இடப்பக்கம் நீண்டு வளையும் ஒரு திருப்பத்தில் ஒரு லாரியைக் கடந்தேன். அதன் முன்பக்கக் காற்று எங்களைத் தள்ளிய நொடியில் வண்டியின் பின்பாதி பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கியது. வினாடிக்கு இரண்டு மூன்று முறை இருக்கும். ஹேண்டில் அவ்வளவாக உதறவில்லை. இடுப்புக்குக் கீழே வண்டி பாம்பு போல நெளிந்தது. ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டேன். வேகம் தொண்ணூறுக்கு வந்த பிறகுதான் அடங்கியது. "என்னங்க, டயர் பஞ்சரா?" என்று கேட்டாள் மனைவி. எனக்குப் பதில் சொல்லக் குரல் வரவில்லை.

அடுத்த நான்கு மாதங்களில் மூன்று முறை வண்டியைப் பட்டறையில் விட்டேன். முதல் முறை முன்சக்கரத்தை பேலன்ஸ் செய்தார்கள். இரண்டாம் முறை முன் டயரை மாற்றினார்கள். மூன்றாம் முறை, மேலே சொன்ன பதில். எந்த வேகத்தில், என்ன பாரத்தோடு, நேர்ச்சாலையிலா திருப்பத்திலா என்று மூன்று முறையும் ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டிப் பார்த்தவர் பெட்டிகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக அறுபதில் போய் வந்து, ஜாப் கார்டில் "குறை தெரியவில்லை" என்று எழுதினார். அந்த வேகத்தில், அந்தப் பாரத்தில், தெரியாதுதான்.

என் முதல் வருத்தம் இதுவே. ஆட்டம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. 1971-ல் மோட்டார் சைக்கிள் இயக்கவியல் ஆய்வாளர் ராபின் ஷார்ப் வெளியிட்ட ஆய்வு இவற்றைக் கணக்குப் போட்டுப் பிரித்துக் காட்டியது. ஒன்று வாபிள், அதாவது ஹேண்டிலும் முன்சக்கரமும் வெடவெடவென்று உதறுவது. வினாடிக்கு ஏறக்குறைய ஆறு முதல் பத்து முறை வரும், கையில் தெரியும், நடு வேகங்களில், அதுவும் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது, அதிகம் தலைகாட்டும். மற்றொன்று வீவ், நான் பட்ட நெளிவு. வினாடிக்கு இரண்டு முதல் நான்கு முறைதான். முழு வண்டியும் சேர்ந்து ஆடும். வேகம் ஏற ஏற அடங்கும் தன்மை குறையும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பிரித்து வைத்ததை உங்கள் ஜாப் கார்டு இன்னும் 'வைப்ரேஷன்' என்ற ஒரே கட்டத்தில் போட்டு மூடுகிறது.

பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம், பெருக்கல் வகுத்தல் போதும். 120/70 அளவுள்ள 17 அங்குல முன் டயரின் சுற்றளவு சுமார் 1.88 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்பது முறை சுழல்கிறது. வாபிளின் இயல்பான அதிர்வும் அதே ஒன்பதை ஒட்டித்தான். அதனால்தான் பேலன்ஸ் தவறிய சக்கரமோ, மேடுபள்ளமாகத் தேய்ந்த டயரோ அறுபதை ஒட்டிய வேகத்தில் ஹேண்டிலை உலுக்குகிறது. அங்கே பேலன்ஸ் செய்வது சரியான மருந்து. ஆனால் 115-ல் அதே சக்கரம் வினாடிக்குப் பதினேழு முறை சுழல்கிறது. நான் உணர்ந்ததோ இரண்டு மூன்று. பதினேழில் தட்டும் ஒன்று மூன்றில் ஆடும் வண்டியை எப்படி ஆட்டி வைக்கும்? இந்தக் கணக்கை ஒருவர் போட்டிருந்தால் நான் ஒரு நல்ல டயரைத் தூக்கி எறிந்திருக்க மாட்டேன்.

கடைசியில் என் வண்டியைக் குணப்படுத்தியவர் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த மெக்கானிக். அவர் செய்ததை விரிவாக எழுதுகிறேன். உங்கள் பயிற்சி வகுப்புக்குப் பயன்படட்டும்.

முதலில் டயர்களின் காற்றை, வண்டி ஆறியிருக்கும்போதே, அளந்தார். பின் டயரில் இருந்தது தனியாக ஓட்டுவதற்கான அழுத்தம்; முழுப் பாரத்துக்குக் கையேடு சொல்வதைவிடக் குறைவு. பின் ஷாக்கின் ப்ரீலோடும், அதாவது அதன் சுருள்வில்லை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவும், தனியாளுக்கான நிலையிலேயே கிடந்தது. ஆளும் பெட்டியும் ஏறினால் வால் அமுங்கி, முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிடும். இந்த இரண்டும் என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்கான கோன் செட்டில் மெல்லிய 'டொக்' கேட்டது. ஹேண்டிலை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் திருப்பச் சொல்லி, நடுவில் எங்காவது பள்ளத்தில் விழுவது போல நிற்கிறதா என்று என் கையையே வைத்துப் பார்க்க வைத்தார். அப்படி நின்றால் பேரிங் மாற்ற வேண்டும், இறுக்கிப் பயனில்லை. என் வண்டியில் நிற்கவில்லை, தளர்வு மட்டும்தான். அவர் கண்மூடித்தனமாக இறுக்கவும் இல்லை. ஃபோர்க்கில் ஒரு சுருள்வில் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, ஹேண்டில் அசையத் தொடங்கும் இழுவிசையை சர்வீஸ் கையேட்டின் எல்லைக்குள் கொண்டுவந்தார். அதிகம் இறுகினால் மெதுவாகப் போகும்போது வண்டி கோட்டில் நிற்காது, குடித்தவன் நடை போல அலையும். இந்த அளவு பல கையேடுகளில் அச்சாகியே இருக்கிறது. ஆனால் தராசை எடுத்து அளந்த ஒரு மெக்கானிக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உண்மையான குற்றவாளி பின்னால் இருந்தது. பின்சக்கரத்தைத் தூக்கி, அதைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளியபோது விரலுக்குத் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. கழற்றிப் பார்த்தால், ஊசி பேரிங்குகளில் கிரீஸ் காய்ந்து துருப்பொடியாகியிருந்தது. ஸ்விங் ஆர்மை ஃபிரேமோடு இணைக்கும் பிவட் போல்ட்டும் கையேடு சொன்ன டார்க்கில், அதாவது இறுக்க அளவில், இல்லை. ஏழு ஆண்டுகளில் ஒரு முறைகூட அது கழற்றப்படவில்லை, காரணம் எளியது. சங்கிலி, ஆயில், பிரேக் எல்லாம் சர்வீஸ் அட்டவணையில் ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஸ்விங் ஆர்ம் கிரீஸ் எங்கோ ஓர் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கிறது. பின்சக்கரம் ஃபிரேமுக்குள் ஒரு நூலளவு திரும்ப முடிந்தாலும் அது தானே ஒரு ஸ்டியரிங் ஆகிவிடுகிறது. அந்த வண்டி வேகத்தில் நெளிவதில் வியப்பில்லை.

பேரிங் மாறிய பிறகு ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்தித் தரவில்லை அவர். "ஒண்ணு மாத்து, ஓட்டு, எழுதி வை. அப்புறம் அடுத்தது" என்றார். காலியான சாலையில், பகலில், முழுப் பாதுகாப்பு உடையோடு, படிப்படியாக வேகம் ஏற்றிப் பார்த்தேன். ஸ்விங் ஆர்ம் சரியானதும் பெரும்பகுதி போய்விட்டது. காற்றும் ப்ரீலோடும் சரியானதும் மிச்சம் இருந்தது ஒரு சிறு ஊசல். வந்த வேகத்திலேயே அடங்கிவிடும். அதற்குக் காரணம் டாப் பாக்ஸ்.

டாப் பாக்ஸைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் தூரமுள்ள ஒரு வண்டியில், பின் ஆக்சிலுக்கு 30 செ.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால், பின்சக்கரத்தில் 12 கிலோ ஏறுகிறது, முன்சக்கரத்தில் 2 கிலோ குறைகிறது. அதைவிட முக்கியம், வண்டி பக்கவாட்டில் திரும்புவதை எதிர்க்கும் நிலைமம் தூரத்தின் இருமடியாக வளர்கிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து அரை மீட்டரில் இருக்கும் 10 கிலோவை ஒரு மீட்டருக்குத் தள்ளினால் அதன் பங்கு நான்கு மடங்காகும். பெரிய பெட்டி பிடிக்கும் காற்று வேறு. பெட்டி செய்பவர்கள் பலர் மணிக்கு 120, 130 கி.மீ. என்று வேக எல்லையும் கிலோ எல்லையும் வைக்கிறார்கள். ஆனால் அந்த எண்கள் மூடியின் உள்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கராக இருக்கின்றன. பெட்டி நிறைந்திருக்கும்போது துணிமணிக்கு அடியில் மறைந்துபோகும். ஐம்பது லிட்டர் கொள்ளும் பெட்டியை விற்றுவிட்டு அதற்குள் சில கிலோதான் வைக்கலாம் என்றால், அதை விற்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் இப்போது கருவிகளையும் கனமானவற்றையும் டாங்க் பையிலும் பக்கப் பெட்டிகளின் முன்பாதியிலும் அடியில் வைக்கிறேன். மேலே மழைக்கோட்டும் போர்வையும் மட்டும். அந்தச் சிறு ஊசலும் போய்விட்டது.

இன்னொன்று. ஆட்டம் என்றதும் சிலர், ஹேண்டில் சட்டென்று திரும்புவதைத் தடுக்கும் ஸ்டியரிங் டேம்பர் மாட்டச் சொல்கிறார்கள். வாபிளுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதிக வேக நெளிவை அது குறைப்பதற்குப் பதில் மோசமாக்கக்கூடும் என்பது இந்தத் துறையின் கணக்குகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. தன்னைத் தானே திருத்திக்கொள்ள முன்சக்கரம் சுதந்திரமாகத் திரும்ப வேண்டிய நேரத்தில் டேம்பர் அதைப் பிடித்து வைக்கிறது. வாபிளிலும்கூட, தளர்ந்த கோன் செட்டின் மேல் டேம்பரை மாட்டினால் நோய் உள்ளேயே வளர்ந்து, டேம்பரின் சீல் கசியும் நாளில் மொத்தமாக வெளிவரும். காரணத்தைத் தேடி முடித்த பிறகே அதை எடுங்கள்.

ஆட்டம் வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் உங்கள் கையேடுகள் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கத்தான் எவர் கையும் துடிக்கும். இறுக்கிய கை வண்டியின் ஆட்டத்தோடு தன் ஆட்டத்தையும் சேர்க்கிறது. பிடியைத் தளர்த்தி, முழங்கால்களால் டாங்க்கை அணைத்து, உடலைத் தாழ்த்தி முன்னே சாய்த்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட வேண்டும். முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டினால் நிற்கும் என்ற பேச்சும் ஓட்டிகளிடையே உண்டு. வேகத்தோடு வளரும் நெளிவில் அப்படிச் செய்வது எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. என் மனைவி பின்னால் இருந்தபோது நான் ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டது பயத்தில் தற்செயலாக நடந்தது. படித்துத் தெரிந்து செய்ததல்ல.

நான் கேட்பது இவைதான். ஆட்டம் என்று ஒருவர் வந்தால், எந்த வேகத்தில், வேகம் ஏறும்போதா இறங்கும்போதா, கையிலா இடுப்பிலா, என்ன பாரத்தோடு என்று கேட்டு எழுத ஜாப் கார்டில் இடம் வையுங்கள். அவர் சொன்ன பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் ஓட்டிப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள், 'குறை தெரியவில்லை' என்று எழுதாதீர்கள். ஸ்விங் ஆர்ம் பேரிங்கையும் கோன் செட்டின் இழுவிசையையும் அடிக்குறிப்பிலிருந்து சர்வீஸ் அட்டவணைக்குக் கொண்டுவாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மாடல் நெளிந்தால், அது மெக்கானிக்கின் வேலையல்ல, வடிவமைப்பாளரின் வேலை. அந்தப் புகாரை மேலே அனுப்பும் வழி உங்கள் பிரிவில் இருக்க வேண்டும்.

என் வண்டியில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குறித்து வைத்த வேகம், காற்றழுத்தம், ப்ரீலோடு, பெட்டியின் எடை எல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன. உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் வண்டியோடு வந்து தருகிறேன். இம்முறை பெட்டிகளைக் கழற்றாமல் ஓட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு நெடுந்தூரப் பயணி