பால் உற்பத்தியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. பட்டிப்பொங்கல் வைத்தோம். கோமாரித் தடுப்பூசி போட்டுத் தந்த கால்நடை வைத்தியர் அலுவலகத்தாருக்கு நன்றி.

கொடுக்கும் பாலைப் பதியும் பால் புத்தகத்தில் மனைவி பெயரையும் சேர்க்கும்படி ஏன் இப்படி நச்சரிக்கிறீர்கள் என்று பலர் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். புல் அறுப்பதும் கறப்பதும் பட்டி கழுவுவதும் பெண்கள். புத்தகமும் வங்கிக் கணக்கும் சங்க வாக்கும் ஆண்களிடம். இது நியாயமில்லை என்பது ஒரு பக்கம், இதனால் பாலும் நட்டமாகிறது.

மடியைக் கழுவித் துடைத்தால் பால் இறங்கி நிற்பது ஐந்து முதல் எட்டு நிமிடம்தான். பெரட்டுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் பதியும் இடத்துக்கு, நேரமாகிறது என்று ஒட்டக் கறக்காமல் எழுந்தால், கொழுப்பு அதிகமுள்ள கடைசிப் பால் மடியிலேயே தங்கிவிடும். பால் சேகரிக்கும் நிலையத்தில் கொழுப்புக் குறைந்து விலை இறங்கும், மடிநோயும் எட்டிப் பார்க்கும். புத்தகத்தைப் பார்க்கும் கணவர் "தண்ணி ஊத்துனியா?" என்று கேட்கிறார். தண்ணீர் கலந்தால் கொழுப்போடு, பாலின் அடர்த்தியைக் காட்டும் லக்டோமீட்டர் அளவும் இறங்கும். கொழுப்பு மட்டும் இறங்கி லக்டோமீட்டர் இறங்காமல் இருந்தால் பழியை மனைவி மேல் போடாதீர்கள். அவர் பட்டியில் நிற்கும் அரை மணி நேரம் வாளியையோ பிள்ளைகளையோ நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

மாடு சினைப்படப் போடும் சினை ஊசியும் இப்படித்தான். மாடு பருவத்துக்கு வந்ததற்கு அடையாளமாக வாலில் கண்ணாடி போன்ற வழும்பு ஒட்டியிருப்பதை விடியற்காலையில் முதலில் காண்பவர் கறப்பவர். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும். ஊசி போடுபவரின் இலக்கமோ கொழும்பில் வேலை செய்யும் கணவரின் போனில். இரவில் அவருக்குச் சொல்லி, அவர் மறுநாள் அழைத்து, ஆள் வரும்போது பருவம் தப்பிவிடுகிறது. பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும், அத்தனை நாளும் புண்ணாக்குச் செலவு வேறு. அந்த இலக்கத்தை இப்போது தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயத்துக்கு லயம் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

வார நாளில் வைத்த பயிற்சிக்குப் பெண்கள் வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். அதனால் ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றினோம். வந்தவர்கள் கேட்ட கேள்விகள் கூட்டங்களில் ஒருநாளும் கேட்டிராதவை.

"வீட்டுக்கு ஒரு அங்கத்தவர்" விதியை மனைவியும் சேரும்படி திருத்தியும் அங்கத்துவப் படிவங்கள் சிலவே திரும்பின. திருத்தத்துக்குக் கை தூக்கியவர்களின் வீட்டுப் படிவங்களே இன்னும் வரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அவர்களில் பலர் பிறகு கூட்டத்துக்கும் வரவில்லை, சந்தாவும் கட்டவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரி, சந்தா பாக்கிதான் கைக்கு வரவில்லை.

அடுத்த ஆண்டு யார் செயலாளராக வந்தாலும், தோட்ட நிர்வாகத்திடம் பட்டிக்குக் கிட்ட புல் நடத் துண்டு நிலம் கேட்க வேண்டும். 400 கிலோ மாட்டுக்கு நாளைக்கு 40 கிலோ பச்சைப்புல் தேவை. கொழுந்து பறித்துவிட்டு வந்து அவ்வளவையும் தலையில் சுமந்து சரிவில் இறங்குகிறார்கள். அந்தக் கடிதத்தில் பெண் அங்கத்தவர்களின் கையெழுத்து நிறைய இருந்தால் நல்லது. படிவங்கள் என்னிடம் இருக்கின்றன. பாக்கிச் சந்தாவோடு வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

செயலாளர்