மஞ்சளாகப் பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கீரைக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். எழுத்தில் குறை இல்லை, படத்தில்தான் கோளாறு. 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று போட்டிருந்தீர்களே, அது கரிசலாங்கண்ணியே அல்ல. பூங்காவிலும் அடுக்குமாடி வாசலிலும் தரையை மூட வளர்க்கும் அழகுக்கொடி. அமெரிக்க வெப்பமண்டலச் சரக்கு. உலகின் மோசமான 100 ஊடுருவும் அயல் உயிரினங்கள் பட்டியலில் இடம்பிடித்த பெருமையும் அதற்கு உண்டு.

இந்தக் கொடியும் உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியும் ஸ்பாக்னெட்டிகோலா என்ற ஒரே பேரினம் என்பதால் பூவை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறத்தான் செய்வார்கள். இலையைப் பார்க்க வேண்டும். அழகுக்கொடியின் இலை பளபளவென்று அகன்று, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். பொற்றலைக் கையாந்தகரை என்றும் சொல்லும் நம்முடைய மஞ்சள் கரிசாலைக்கு இலை ஒடுங்கி நீண்டிருக்கும். மடல் கிடையாது, தடவினால் சொரசொரக்கும்.

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பை நிறையக் கீரையோடு வந்தாள். "டீச்சர், மஞ்சள் கரிசாலை! ஆபீஸ் தோட்டத்தில் சும்மாவே கிடைத்தது" என்றாள். அடுப்பில் பாசிப்பருப்பு வெந்துகொண்டிருந்தது, சின்ன வெங்காயமும் உரித்தாயிற்று. பையைக் கொட்டிப் பார்த்தால் அத்தனையும் மூன்று மடல் இலை. எதைப் பார்த்துப் பறித்தாய் என்று கேட்டேன். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நீங்கள் போட்ட அதே படம்! அன்றைக்கு அந்தப் பருப்பு வெறும் கூட்டாகத்தான் முடிந்தது.

வெள்ளைக் கரிசாலையில் இந்தக் குழப்பம் இல்லை. அது எக்லிப்டா என்ற வேறு பேரினம், வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் தானாக முளைப்பது. பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. தண்டைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தால் பச்சைச் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். எங்கள் அப்பாயி அந்தச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து, நிழலில் காயவைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துக் கண்மை கூட்டுவார். இப்போது வரப்பெல்லாம் களைக்கொல்லி அடிப்பதால் பறிக்கவே பயமாக இருக்கிறது. சரி, அது வேறு கதை.

மஞ்சள் கரிசாலையை ஆராய்ந்து அதிலுள்ள வேடலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பை 1956இல் வெளியிட்டவர்கள் நம் சென்னை மாநிலக் கல்லூரியின் டி.ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர். அவர்கள் கையில் எடுத்தது உண்மையான மூலிகையை. அந்த மூலிகையின் பெயரைப் பூங்காக் கொடிக்குச் சூட்டி வாசகர்களைச் சமைக்கச் சொல்வது என்ன நியாயம்?

அடுத்த இதழில் சரியான படத்தைப் போட்டுத் திருத்தம் வெளியிடுங்கள். என் கொல்லைத் தொட்டியில் இருக்கும் செடியின் இலையையும் அழகுக்கொடியின் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். எது எது என்று பின்பக்கம் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வலங்கைமான்