வாயில் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புள்ள முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் வாயில் வேலை முடிந்துவிட்டது. தொடக்கக் கூட்டத்தில் நாம் ஆசைப்பட்டபடி அது முடியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோரண வளைவு இல்லை, எட்டடி மதில் இல்லை, பதினாறு கேமராவும் இல்லை. "அப்புறம் வாங்கின பணத்தில் என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டவர்களுக்கான பதில்தான் இந்த அறிக்கை.

பழைய கேட் எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்டவாளத்தில் உருளும் இரும்புக் கேட். அதில் தொங்கிச் சவாரி போகாதவர் நம்மில் யார்? வெல்டிங் பட்டறைக்காரர் வந்து பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தண்டவாளம் முடியும் இடத்தில் தடுப்பு இல்லை, மேலே பிடித்துக்கொள்ளும் உருளையும் இல்லை. சக்கரம் தடம் இறங்கினால் கேட் முழுவதும் தள்ளுகிறவர் மேலேயே சாயும். நம் காலத்தில் சாயாதது நம் அதிர்ஷ்டம். இப்போது இருப்பது உள்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு. வெளிப்பக்கம் திறந்தால் சாலையில் நிற்கும் பிள்ளைகளை இடிக்கும் என்பதால் இப்படி. சாலை ஓரத்திலிருந்து கேட்டைப் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளியும் வைத்தோம். காலை எட்டரை மணிக்கு ஷேர் ஆட்டோவும் ஸ்கூட்டரும் மொய்க்கும்போது, பிள்ளைகள் தார்ச்சாலையில் நிற்காமல் இருக்க அந்த இடம் போதுகிறது. முன்னால் கான்கிரீட் நிரப்பிய குழாய்த் தூண்கள் ஐந்து நட்டிருக்கிறோம். வண்டிகள் பிள்ளைகள் நிற்கும் இடத்துக்குள் ஏறாமல் இருக்க அவை.

பெரிய கதவிலேயே ஒரு திட்டிவாசல், அதாவது கதவுக்குள் ஒரு சிறு கதவு, வைக்கலாம் என்றார் தலைவர். கோயில் கதவு போல அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் திட்டிவாசலுக்குக் கீழ்ச்சட்டம் உண்டு. அவசரத்தில் ஓடும் பிள்ளை அதில் தடுக்கி விழும், சக்கர நாற்காலியும் ஏறாது. ஆறாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருவர் இருக்கிறார். அதனால் பக்கத்தில் தனியாக ஒரு சிறு கேட் வைத்து, தரையோடு தரையாக ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் சாய்தளம் போட்டோம். பள்ளி நேரத்தில் திறந்திருப்பது இது ஒன்றுதான். வருகிற எல்லோரும் ஒரே வழியில் வந்தால், பார்க்க ஒரு ஜோடிக் கண் போதும்.

தோரண வளைவு விஷயத்தில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. தங்கள் பெற்றோர் பெயரில் கட்டித் தருவதாகச் சொன்ன குடும்பத்திடம் நேரில் போய்ப் பேசினேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டியைக் கொண்டுவந்து டேப் பிடித்து அளந்தோம். நாம் போட்ட வரைபடத்தின் வளைவுக்குக் கீழே அந்த வண்டி நுழையாது. அதோடு வளைவு கைவிடப்பட்டது. அந்தக் குடும்பம் பெரிய மனதோடு அதே தொகையைக் காவலர் அறை கட்டத் தந்தது.

பின்கேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாய்க்கால் கரைப்பக்கம் இருக்கும் அந்தக் கேட்டுக்கு எப்போதும் பூட்டுதான். சாவி வாட்ச்மேன் இடுப்பில், வாட்ச்மேன் டீக்கடையில். பாதுகாப்பு என்றாலே பூட்டு என்று நினைத்துத்தான் நாமும் இந்த வேலையைத் தொடங்கினோம். கும்பகோணம் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் போனதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கீற்றுக் கூரையைத் தீ பிடித்தபோது பிள்ளைகள் இறங்கிவர இருந்தது குறுகலான படிக்கட்டு. வெளியாள் உள்ளே வராமல் தடுக்கிற கேட், உள்ளே இருக்கிற பிள்ளை வெளியே போவதையும் தடுத்துவிடக் கூடாது. அதனால் பின்கேட்டில் இப்போது பூட்டே கிடையாது. வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினால் திறக்கும், உடனே அலுவலக அறையில் மணி அடிக்கும். வாய்க்காலில் குளிக்க நழுவும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு இந்த மணி பெரிய இடைஞ்சல் என்று கேள்வி. முதல் ஒத்திகையில் பள்ளி முழுக்க வெளியேற ஏழு நிமிடம் ஆயிற்று, இரண்டாவதில் நான்கு.

அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்கள் மின்பூட்டு வைக்கச் சொன்னார்கள். அங்கே சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பரில் கதவு பூட்டியேதான் இருந்தது. பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்துக்கொண்டு உள்ளே போனவன் 26 பேரைக் கொன்றான். கதவு எவ்வளவு உறுதியோ, அதன் பக்கமும் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும். நமக்குப் பக்கம் என்றால் காம்பவுண்டு சுவர்.

அரசமர வேர் தள்ளி நாற்பதடிச் சுவர் சாலைப்பக்கம் சாய்ந்திருந்தது. திருநெல்வேலியில் 2021 டிசம்பரில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டே போய்வந்திருக்கிறோம். இடித்துவிட்டு, மண்ணில் தேங்கும் தண்ணீர் வெளியேறத் துளைகள் விட்டுப் புதிதாகக் கட்டினோம். மேலே பதித்திருந்த பாட்டில் சில்லுகளையும் எடுத்தாயிற்று. அவை கிழித்ததெல்லாம் பந்து எடுக்க ஏறிய பையன்களைத்தான். ஆறடிச் சுவர், அதற்கு மேல் இரண்டடிக் கம்பி கிரில்.

கேமரா நான்கு. கேட்டில் வைத்த முதல் கேமரா கிழக்கே பார்த்திருந்தது. காலையில் பிள்ளைகள் வரும் நேரம் சூரியன் நேரே அடித்து, படத்தில் வெறும் வெள்ளை. ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை! இப்போது திருப்பி வைத்திருக்கிறோம்.

கேட்டுக்கு வெளியே மாங்காய் விற்கும் பாட்டியை அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. குழு ஒப்பவில்லை. கடையை ஐம்பதடி தள்ளிப் போடச் சொன்னோம், சந்தோஷமாகப் போட்டார். எந்த வண்டி நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது என்று அவர் சொல்வதைக் கேமரா சொல்லாது. சிகரெட் விற்ற பெட்டிக்கடை விஷயம் வேறு. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது சட்டம். புகார் கொடுத்தோம், விற்பனை நின்றது.

இனி கணக்கு. வரவு, 217 உறுப்பினர்களிடமிருந்து ரூ.11,84,500. சுவருக்கு 2,65,000, முன்கேட், சிறு கேட் இரண்டுக்கும் 2,38,000, காவலர் அறைக்கு 1,72,000, தரை, சாய்தளம், தூண்களுக்கு 1,46,000, கேமரா, மணி, யூபிஎஸ் எல்லாம் சேர்த்து 98,500, பின்கேட்டுக்கு 64,000, விளக்கு, பெயின்ட், சில்லறைச் செலவு 37,000. ஆக ரூ.10,20,500 போக மீதி ரூ.1,64,000. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

அந்த மீதியை வாட்ச்மேன் சம்பளத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். மாதம் 12,000, ஒரு வருடத்துக்கு 1,44,000 போனால் பராமரிப்புக்கு நிற்பது இருபதாயிரம். அதற்குப் பிறகு பணம் இல்லை. கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், கல்வெட்டில் பெயர் வரும். சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது. தலைக்கு மாதம் 56 ரூபாய் வந்தால் அந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது.

பாக்கி இருப்பது வேகத்தடை. மனு கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது.

பொங்கலுக்கு ஊருக்கு வருபவர்கள் பள்ளியைப் பார்க்க வரும்போது பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவும். பேத்தியை அழைத்துப் போக வந்த நம் பொருளாளரையே, பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பட்டியலில் அவர் படம் இல்லை என்று வாட்ச்மேன் அரைமணி நேரம் நிறுத்திவைத்தார். பொருளாளர் கோபமாக எனக்குப் போன் செய்தார். மறுநாள் படம் கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
செயலாளர், வாயில் பணிக்குழு