பழைய கணினியைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாயாமே. உன் கோபத்தை அறிந்தவன் என்ற முறையில் அந்தக் குழந்தையின் பொறுமையை மெச்சுகிறேன். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. திரையை விடாமல் பார்க்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சொல்வது அவர் கடமை.

இனி உன் கணினி விவகாரம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உன்னுடையதில் இல்லை, ஆகவே அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி மகன் நச்சரிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். போடாதே. செயலியும் நினைவகமும் நேற்று வரை நன்றாக வேலை செய்தவைதானே, ஒரே நாளில் அவற்றுக்கு என்ன வந்துவிட்டது? ஏறக்குறைய அதே வயதுடைய என் மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன்.

லினக்ஸ் போடக்கூடாதா என்று கேட்பாய். தாராளமாகப் போடலாம். படம் பார்க்கவும் மின்னஞ்சல் படிக்கவும் மட்டும் என்றால் அதுவே சுலபம். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீ எழுதியது வேறு. கல்லூரி ஆய்வகத்தில் ஆளுக்கொரு முனையத்தின் முன் உட்கார்ந்து பழகினோமே, அந்த யூனிக்ஸ் இயங்குதளம் வீட்டில் வேண்டும் என்கிறாய். அப்படியானால் பிஎஸ்டிதான் நேர் வாரிசு. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஒரு பிடிபி-7 இயந்திரத்தில் தொடங்கியது, எழுபதுகளில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே பிஎஸ்டி என்ற தனிக்கிளையாக வளர்ந்தது. 1992-இல் ஜோலிட்ஸ் தம்பதியர் அதை 386பிஎஸ்டி என்ற பெயரில் இன்டெல் 386 கணினிக்குக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே அதிலிருந்து நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் பிறந்தன. அந்த நேரம் பார்த்தா பெல் ஆய்வகத்தை நடத்திய ஏடி அண்ட் டி தரப்பிலிருந்து வழக்கு வர வேண்டும்! மூல நிரல் யாருக்குச் சொந்தம் என்று 1994 வரை இழுபறி. அதற்குள் லினக்ஸ் ஊரெல்லாம் பரவிவிட்டது. தான் வேலையைத் தொடங்கியபோது 386பிஎஸ்டி கைக்குக் கிடைத்திருந்தால் லினக்ஸையே எழுதியிருக்க மாட்டேன் என்ற பொருளில் லினஸ் டோர்வால்ட்ஸே சொல்லியிருக்கிறார். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் வளரும் என்பதை வக்கீல்கள் தீர்மானித்த கதை இது.

எனக்கு அதைப் பிடித்ததற்குக் காரணம் வரலாறு மட்டும் அன்று. லினக்ஸில் கருவை, அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலை, ஒரு கூட்டம் எழுதுகிறது, அதைச் சுற்றியுள்ள கருவிகளை வேறு கூட்டங்கள் எழுதுகின்றன, இன்னொருவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருகிறார். ஃப்ரீபிஎஸ்டியில் கருவும் அடிப்படைக் கருவிகளும் கையேடும் ஒரே மூலக் கிடங்கில், ஒரே குழுவின் கையில் இருக்கின்றன. நாம் பின்னால் நிறுவும் உலாவி முதலிய மென்பொருள்கள் எல்லாம் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ என்ற அடைவுக்குள் தனியே போய்விடும். அவற்றின் அமைப்புக் கோப்புகளும் அங்கேதான். வீட்டுச் சாமானும் விருந்தாளியின் பெட்டியும் ஒருபோதும் கலக்காது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் அடித்தளத்துக்குத் திரும்ப வேண்டுமானால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் குழப்பமே இல்லை.

நிறுவுவது பெரிய வேலை என்று பயப்படாதே. கோப்புகள் வட்டில் ஏறுவதற்குள் எழுந்து போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதில்தான் கவனம் தேவை. முதலில் உன் புகைப்படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே எண்ணுவதில்லை. பிறகு ஃப்ரீபிஎஸ்டி தளத்திலிருந்து ‘மெம்ஸ்டிக்’ என்ற பெயரில் வரும் கோப்பை இறக்கி, அதன் ஷா256 சரிபார்ப்பு எண் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள். அதைச் சும்மா பென் டிரைவில் நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து எழும்பாது. அந்தப் படிமக் கோப்பை அப்படியே பென் டிரைவில் எழுதும் கருவி வேண்டும். கணினி எழும்போது முதலில் ஓடும் யூஇஎஃப்ஐ அமைப்பில் ‘செக்யூர் பூட்’ என்பதையும் அணைத்துவிடு. அது அணையாமல் இந்தப் பென் டிரைவ் தொடங்காது. வட்டில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், அணைப்பதற்கு முன்பே அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள். செக்யூர் பூட்டைத் தொட்டதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

பென் டிரைவிலிருந்து எழுந்ததும் முதல் திரையிலேயே, நிறுவலாமா அல்லது கட்டளைச் சூழலுக்குப் போகலாமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடு. இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ‘பிசிஐகான்ஃப்’ என்ற கட்டளையை எல், வி என்ற இரண்டு தெரிவுகளோடு கொடுத்தால், தாய்ப்பலகையில் உள்ள ஒவ்வொரு பகுதியையும் வரிசையாகக் காட்டும்: வரைகலை அட்டை, ஒலி, வைஃபை, வட்டுக் கட்டுப்படுத்தி. ஒவ்வொன்றின் முன்னாலும் அதை ஏற்றுக்கொண்ட டிரைவரின், அதாவது அதை இயக்கும் நிரலின், பெயர் இருக்கும். டிரைவர் எதுவும் முன்வராத பகுதிக்கு அந்த இடத்தில் ‘நன்0’, ‘நன்1’ என்று போட்டிருக்கும் (‘எதுவுமில்லை’ என்ற ஆங்கிலச் சொல்). என் மடிக்கணினியில் வட்டும் ஒலியும் கம்பிவழி இணைப்பும் ஒழுங்காகப் பெயர் சொல்லின. நினைவட்டை படிக்கும் சிறு செருகி மட்டும் ‘நன்’ என்று நின்றது. அதை நான் எப்போதும் பயன்படுத்தியதில்லை, ஆகவே கவலையில்லை. அதே இடத்தில் வைஃபை நின்றிருந்தால் யோசித்திருப்பேன். வட்டில் ஓர் எழுத்துக்கூட எழுதாமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது வட்டு. விண்டோஸையும் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டிருக்கிறாய். முடியும்தான். ஆனால் உன் நிலையில் வேண்டாம் என்பேன். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஒன்றுக்காக வட்டைப் பங்கு போட வேண்டுமா? கடிகாரத்திலும் சண்டை வரும்: விண்டோஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும், யூனிக்ஸ் வழக்கம் உலகப் பொது நேரத்தை வைப்பது. முழு வட்டையும் ஃப்ரீபிஎஸ்டிக்கே கொடுத்துவிடு. கடிகாரக் கேள்வி வந்தால் பொது நேரம் என்று சொல்லிவிடு.

கோப்பு முறைமையாக, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையாக, இசட்எஃப்எஸ், யூஎஃப்எஸ் என்று இரண்டு தெரிவுகள் வரும். நினைவகம் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் யூஎஃப்எஸ் போதும். உன்னுடையதில் 8 ஜிபி இருப்பதால் இசட்எஃப்எஸ் எடுத்துக்கொள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்கிறது, வட்டு சத்தமில்லாமல் கெட்டுப்போனால் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட எனக்குப் பயன்பட்டது, கணினியைப் புதுப்பிக்கும் முன் இயங்குதளத்தின் அப்போதைய நிலையை ஒரு பெயரிட்டு நிறுத்தி வைக்கலாம் என்பது. புதுப்பித்தது சரிவரவில்லையென்றால், தொடக்கப் பட்டியலில் பழைய பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். எதுவும் நடக்காதது போல அது எழுந்து நிற்கும். வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் மட்டும் ஒரு நிமிடம் நின்று பார். ‘ஏடிஏ0’ என்பது உள்ளே இருக்கும் சாட்டா வட்டு, ‘டிஏ0’ என்பது நீ செருகிய பென் டிரைவ். அளவைப் பார்த்தாலே தெரியும். அதற்குப் பிறகு ‘கடைசி வாய்ப்பு’ என்று தலைப்பிட்டு, இந்த வட்டில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும், உறுதிதானா என்று கேட்கும். நிறுவியில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் இடம் இது ஒன்றுதான்.

மற்றக் கேள்விகள் சாதாரணமானவை. கணினிக்கு ஒரு பெயர், நிர்வாகியான ரூட் பயனருக்குக் கடவுச்சொல் (தட்டச்சு செய்யும் எழுத்துகள் திரையில் தெரியாது, விசைப்பலகை கெட்டுவிட்டதாக எண்ணாதே), நேர மண்டலம், எந்தெந்தச் சேவைகள் தானாகத் தொடங்க வேண்டும் என்பது. கடைசியில் உனக்கென்று ஒரு பயனர் கணக்கு உருவாக்கும்போது, இந்தப் பயனரை வேறு குழுக்களிலும் சேர்க்கட்டுமா என்று ஒரு வரி வரும். எல்லாரும் என்டர் தட்டித் தாண்டிப் போகும் வரி அது. அங்கே ‘வீல்’ என்று எழுது. அந்தக் குழுவில் இல்லாதவர் சரியான ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ரூட்டாக மாற உதவும் ‘எஸ்யூ’ கட்டளை ஏற்காது. கூடவே ‘வீடியோ’ என்றும் சேர்த்துவிடு. வரைகலை அட்டையைத் தொட அந்த அனுமதி தேவை.

கணினி மறுபடி எழும்போது ஏமாந்து போகாதே. சன்னலும் இருக்காது, சுட்டியும் இருக்காது. கறுப்புத் திரையில் உன் பெயரைக் கேட்டு ஒரு வரி நிற்கும், அவ்வளவுதான். உள்ளே போனதும் ‘இடிசி’ அடைவில் ‘ஆர்சி.கான்ஃப்’ என்ற கோப்பைத் திறந்து பார். நிறுவியிடம் நீ சொன்ன பதில்களில் பெரும்பாலானவை அதில் வரி வரியாக உட்கார்ந்திருக்கும்: கணினியின் பெயர் ஒரு வரி, வலையமைப்பு ஒரு வரி, நேரத்தைச் சரிசெய்யும் சேவை தொடங்கட்டும் என்று ஒரு வரி. மறைத்து வைத்த பதிவேடு கிடையாது, பெட்டிக்குள் பெட்டியாகத் திறக்கும் அமைப்புப் பக்கங்கள் கிடையாது. ஒரு சேவை வேண்டாம் என்றால் அந்த வரியில் ‘எஸ்’ என்பதை ‘நோ’ என்று மாற்றினால் ஆயிற்று. நாற்பது வயதுக்கு மேல் புதிய கணினி எதைத் தொட்டாலும் எனக்கு வந்துகொண்டிருந்த எரிச்சல், இந்தக் கோப்பைப் படித்தபோது வரவில்லை. என்ன நடக்கிறது என்று கணினி என்னிடம் சொல்கிறது. சொல்வதை நான் திருத்தவும் முடிகிறது.

வரைகலைச் சூழல் தனியாக நிறுவ வேண்டியது. மென்பொருள் நிறுவும் ‘பிகேஜி’ கட்டளையால், திரையில் வரைய எக்ஸார்க், சன்னல் சூழலுக்கு எக்ஸ்எஃப்சிஇ, ஓர் உலாவி மூன்றையும் இறக்கிக்கொள். உன்னுடையது இன்டெல் வரைகலை என்பதால் ‘டிஆர்எம்-கேமாட்’ என்ற வரைகலை டிரைவர் தொகுப்பும் வேண்டும். அதை ஏற்றச் சொல்லி ஆர்சி.கான்ஃபில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். தமிழுக்கு நோட்டோ எழுத்துருவும், ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும் போட்டிருக்கிறேன், குறையில்லை. ஆனால் கறுப்புத் திரையில் தமிழ்க் கோப்புப் பெயர்களைப் படிக்க முடியாது. வரைகலைக்குள் வந்தால்தான் எழுத்துகள் சேர்ந்து வரும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்டாதே. வைஃபைதான் இதன் பழைய நோய். இன்டெல் சில்லுகள் பெரும்பாலும் வேலை செய்யும். வேறு சில நிறுவனச் சில்லுகளுக்கு டிரைவரே இருக்காது. நிறுவும் நாளில் வைஃபை கைவிட்டால் ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியில் செருகி இணையப் பகிர்வை இயக்கு. ‘யூஇ0’ என்ற பெயரில் ஒரு வலையமைப்பு இணைப்பாக அது வந்து நிற்கும், வேலையை முடித்துக்கொள்ளலாம். மூடியை மூடினால் உறங்கி, திறந்தால் விழிப்பது எல்லா மடிக்கணினிகளிலும் நடப்பதில்லை. என்னுடையது உறங்கும், விழிக்கும்போது சில நேரம் திரை மட்டும் விழிப்பதில்லை. ஆகவே நான் அணைத்தே வைக்கிறேன். கட்டணப் படத் தளங்கள் சிலவற்றின் பூட்டு இங்கே திறக்காது. உன் வீட்டில் அதற்குத் தொலைக்காட்சி இருக்கிறது, பிழைத்தாய்.

அலமாரியில் கிடக்கும் இன்னும் பழைய 32-பிட் கணினியில் இதைப் போடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். அதை விட்டுவிடு. ஃப்ரீபிஎஸ்டி 15-ஆம் பதிப்போடு அந்த வகைக் கணினிகளுக்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். யூனிக்ஸ் 1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டு வருகிறது அல்லவா? 32 பிட்டில் அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழிந்துவிடும். 64-பிட் கணினியில் நாம் போன பிறகும் எண்ணிக்கொண்டே இருக்கும்.

சந்தேகம் வந்தால் எனக்கு எழுதும் முன் கையேட்டைக் காட்டும் ‘மேன்’ கட்டளையைக் கேள். ‘மேன் ஹையர்’ என்று தட்டினால் எந்த அடைவில் என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டுக் காட்டும். முதல் நாளில் படிக்க அதைவிட நல்லது இல்லை. கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையிடம் மட்டும் விளையாடாதே, இங்கே குப்பைத்தொட்டி கிடையாது.

வட்டைத் துடைப்பதற்கு முன் அந்த பிசிஐகான்ஃப் திரையைக் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பு. வைஃபை வரி தெளிவாகத் தெரிய வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், மகனுக்குப் பதில் அப்புறம் எழுதலாம். பேத்தியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகத் தோழன்