புதிய வகுப்பறைகளும் வளாகத்து மரங்களும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் உற்சாகமாகத் திரும்பியிருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வில் எல்லா வகுப்புகளிலும் தேர்ச்சி கூடியிருக்கிறது. கலைத் திருவிழாவில் நம் மாணவிகள் மாவட்ட அளவு வரை போய் வந்தார்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாலை வகுப்புகள் தொடர்கின்றன. ஆசிரியர்கள் அனைவருக்கும் என் பாராட்டுகள்.

அப்புறம், புதிய கட்டடம். என்னை வாசலில் பார்க்கும்போதெல்லாம் வேலை எப்போது தொடங்கும் என்று கேட்கிறீர்கள். சென்னை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது கேட்காமல் எப்படி இருப்பீர்கள்? நிதி வந்துவிட்டது. வளாகத்து மரங்களையும் அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் பற்றிய கணக்கெடுப்பு முடியவில்லை, தாமதத்துக்கு அதுதான் காரணம்.

சுற்றுச்சூழல் அனுமதி என்பது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோருக்குத்தான். நம் கட்டடம் அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் இது அரசு நிலம். இங்கே மரம் வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்றுகள் நட வேண்டும். பத்து நட்டுவிட்டால் சரியாகிவிடுமே என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சிலர் சொன்னீர்கள். கட்டாயம் நடுவோம். ஆனால் தெற்கு மூலையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் இருப்பதுபோல ஒரு பொந்து, இன்று நடும் கன்றில் உங்கள் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் உருவாகியிருக்காது. அந்தப் பொந்தில் புள்ளி ஆந்தைகள் இருக்கின்றன. மேல்கிளைப் பொந்தில் கிளிகள். ஆந்தையால் தானே பொந்து குடைந்துகொள்ள முடியாது. இது அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டைக் கலைப்பதும் வேட்டைக் கணக்கில்தான் வரும்.

மரங்களுக்கு எண் எழுதியதோடு கணக்கெடுப்பு முடியாதா என்றும் கேட்கிறீர்கள். முடியாது. ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும், பொந்தும் கூடும் பார்க்க வேண்டும், அந்தி நேரத்தில் எது எங்கிருந்து வெளியே வருகிறது என்று காத்திருந்து குறிக்க வேண்டும். நம் பசுமைப் படைப் பிள்ளைகள் இதில் ஆர்வமாக உதவுகிறார்கள். இதைவிட முக்கியம் வேர். அடிமரத்தின் விட்டத்தைப்போல 12 மடங்கு தூரம் வரை அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டாமல், ஜல்லி மணல் கொட்டாமல் விட வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு. தூங்குமூஞ்சியின் அடிமர விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆக, 12 மீட்டர் தள்ளித்தான் கட்ட வேண்டும். வரைபடத்தை அப்படி மாற்றக் கேட்டிருக்கிறோம். மாற்றிய பிறகும் இரண்டு மரங்கள் போகத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

புயலில் மரம் விழுந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரியும். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது இந்த நகரத்தில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். வாணத்துக்காக ஒரு பக்கத்து வேரை அறுத்துவிட்டால் மரத்துக்குப் பிடிமானமே போய்விடும். வேரைக் காப்பது நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும்தான். காய்ந்த கிளைகளைக் கழிக்கத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறையில் யாரோ உள்ளே புகுந்து அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் அடிப்பட்டையைச் செதுக்கியிருக்கிறார்கள். இலையில் உண்டாகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் பட்டையை எடுத்துவிட்டால் மரம் நின்றபடியே பட்டுப்போகும். நல்லவேளையாகப் பாதியோடு விட்டுவிட்டார்கள், மரம் பிழைத்துவிடும். மரம் பட்டுப்போனால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று யாராவது நினைத்திருந்தால், அது நடக்காது. பட்டுப்போன மரமானாலும் அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. இன்னொரு முறை இப்படி நடந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பேன். யார் வந்து பேசினாலும் அதைத் திரும்பப் பெற மாட்டேன்.

ஆந்தை இருக்கும் இடம் விளங்காது என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியையும் பார்த்தேன். பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த நம்பிக்கை. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆந்தைகள் தின்பது பூச்சியும் எலியும். சத்துணவுக் கூடத்து அரிசி மூட்டைகளுக்கு அவற்றைவிட நல்ல காவல் இல்லை. தயவுசெய்து பிள்ளைகளைக் கல்லெறிய விடாதீர்கள்.

உங்களில் பலர் வேலையை விட்டுவிட்டு வந்து அளவெடுக்க உதவினீர்கள். ஒரு தாய் மரத்தின் காயத்தைச் சுத்தம் செய்ய ஆள் அழைத்து வந்தார். ஒரு தந்தை, மரத்தைச் சுற்றிக் கட்டத் தன் கடையிலிருந்து கம்பிவேலி தருவதாகச் சொல்லியிருக்கிறார். மனமார்ந்த நன்றி. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாற்றிய வரைபடத்தை வைக்கிறோம். வந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள். வேலை தொடங்கியதும் லாரிகள் முன்வாசல் வழியாகத்தான் வரும். அன்று முதல் பிள்ளைகளைப் பின்வாசலில் கொண்டுவந்து விடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்